வேதத்தில் இல்லாத அம்மா

மார்ச் 19, ஞாயிறு

காலை ஆராதனைக்கு முன் சண்டே ஸ்கூல். ஏழரைக்கே வெயில் சுட்டது. ஜூனியர் பிள்ளைகள் வேப்பமரத்தடியில், சீனியர் பிள்ளைகள் கோயில் வராந்தாவில். வருகிற சனிக்கிழமை பக்கத்துச் சேகரத்துக் கோயிலில் வேத வினாடி வினா இருப்பதால் இரண்டு வகுப்புக்கும் ஒரே பாடம் வைத்திருந்தேன். கெட்ட குமாரன் உவமை, சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வருகிற இளைய மகனின் கதை.

ஜூனியர் வகுப்பை ஜனவரியிலிருந்து பெர்சிஸ் எடுக்கிறாள். ஜெபராஜ் வாத்தியாரின் இளைய மகள், நல்ல பிள்ளைதான். ஆனால் இன்று அவள் கதை சொன்னதைக் கேட்டுக் கோபம் வந்துவிட்டது. மகன் தெருமுனையில் வருகிறானாம். அவனை முதலில் பார்த்தது அம்மாவாம்! "அடுப்படி ஜன்னல் வழியா அம்மா பாத்தா. கையில கரண்டியோட வாசலுக்கு ஓடி, 'ஏங்க, அங்க வாறது நம்ம பிள்ள மாதிரி இருக்கே'ன்னு சத்தம் போட்டா. அப்புறந்தான் அப்பா எந்திரிச்சுப் பாத்தாரு" என்கிறாள். பிள்ளைகள் எல்லாம் கை தட்டுகிறார்கள். அந்த உவமையில் அம்மா எங்கே இருக்கிறாள்? கரண்டி எங்கே இருக்கிறது? வேதத்தோடு ஒன்றையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது என்பதை நான் படித்த சண்டே ஸ்கூலில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் முன்னால் கண்டிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சீனியர் வகுப்புக்கு நான், வேதத்தில் எழுதியிருக்கிறபடியே சொன்னேன். குமாரன் வந்தான், தகப்பன் காலில் விழுந்தான், அழுது மன்னிப்புக் கேட்டான், தகப்பன் தூக்கிவிட்டு முத்தம் செய்தான். வருஷா வருஷம் செய்கிற மாதிரி ராபின் என்கிற பையனை எழுப்பி விழுந்து காட்டச் சொன்னேன். நன்றாக விழுந்தான்.

மத்தியானம் மீன் குழம்பு. என் அரவை மில்லுக்கு லீவு.

மார்ச் 21, செவ்வாய்

மிளகாய் வற்றல் சீசன் ஆரம்பித்துவிட்டது. மில்லில் நிற்க முடியவில்லை. பெரிய மிஷினின் பெல்ட் ஓரத்தில் பிரிந்திருக்கிறது. ஈஸ்டர் வரை தாங்கும் என்று நினைக்கிறேன்.

மனைவி தங்கபுஷ்பம் மாலையில் கொல்லைப்புறம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினால் வேறு யாராக இருக்கும்?

மார்ச் 25, சனி

வினாடி வினாக் கேடயம் போய்விட்டது. மூன்று வருஷமாக நம் கோயில் அலமாரியில் இருந்த கேடயம்.

ஜூனியர் சுற்றில் கடைசிவரை நம் பிள்ளைகள்தான் முன்னால். கடைசிக் கேள்வி: "இளைய குமாரன் தூரத்தில் வரும்போதே அவனைக் கண்டது யார்?" நம் குழு மொத்தமும் ஒரே குரலில், "அம்மா!" என்றது. மண்டபமே சிரித்தது. நடுவர் திரும்பவும் கேட்டார், பாவம், நல்ல மனுஷன். ஷைனி என்கிற குட்டி எழுந்து, "அடுப்படி ஜன்னல் வழியா பாத்தாங்க ஐயா" என்று விளக்கம் வேறு சொன்னது.

வேனில் திரும்பும்போது பெர்சிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்னவோ.

மார்ச் 26, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ரூபன் ஐயரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் சேகரத்துப் போதகர். வயது முப்பத்தைந்துகூட இருக்காது, எதற்கும் சிரிப்பார். பெர்சிஸை வகுப்பிலிருந்து எடுக்க வேண்டும், சண்டே ஸ்கூல் சூப்பரின்டென்டாக இது என் முடிவு என்றேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? கிறிஸ்மஸ் நாடகத்துல இருவது வருசமா நீங்கதான சத்திரக்காரன் வேசம் போடுதிய?"

"ஆமா."

"சத்திரத்துல இடமில்லன்னுதான் வேதத்துல இருக்கு. சத்திரக்காரன் எந்த வசனத்துல வாறான்?"

நாடகம் வேறு, வேதபாடம் வேறு என்றேன். சிரித்துக்கொண்டே, "சரி அண்ணாச்சி. குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் கமிட்டி கூடுது. அங்க பேசுவோம். அந்தப் பகுதிய நீங்களே சத்தமா வாசிச்சிக் காட்டுங்க" என்றார்.

காட்டுகிறேன். எனக்கென்ன பயம்?

மார்ச் 29, புதன்

தங்கபுஷ்பம் சோறு வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"ஆர்தருக்கு மஸ்கட்ல வேலை கெடச்சிருக்கு. ஈஸ்டர் முடிஞ்சி செவ்வாய்க்கிழம பிளைட்டு. மூணு வருசத்துக்கு லீவு கெடையாதாம்."

சாப்பிட்டேன்.

"ஈஸ்டருக்கு வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா வருவான்."

ஆர்தர் எங்கள் ஒரே மகன். ஒன்றரை வருஷத்துக்கு முன், நம் சபையில் இல்லாத, ஆர்.சி. கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஜெனோவா என்று பெயர். கல்யாணம் தூத்துக்குடியில், அவர்கள் கோயிலில். அவன் இப்போது இருப்பதும் அங்கேதான். நான் போகவில்லை, தங்கபுஷ்பத்தையும் விடவில்லை. இங்கிருந்து தூத்துக்குடி ஒரு மணி நேரம்தான். நான் வீட்டுக் கதவைப் பூட்டி வைக்கவில்லை. வரட்டும், வந்து காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கட்டும், மறு நிமிஷமே கட்டிக்கொள்கிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்றும் அதையே சொன்னேன்.

"தப்பு செஞ்சாத்தான மன்னிப்பு கேக்கணும், கல்யாணம் முடிச்சது தப்பான்னு கேக்கான்."

"கெட்ட குமாரன் என்ன செஞ்சான்? மொதல்ல வந்து விழுந்தான். பிறகுதான் தகப்பன் கட்டிப் புடிச்சாரு. நானா சொல்லுதேன்? கர்த்தர் சொன்ன கதை."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 30, வியாழன்

கரண்ட் இல்லை. மில் ஓடவில்லை. கணக்கு வழக்கு பார்த்தேன். தங்கபுஷ்பம் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள்.

ஏப்ரல் 1, சனி

பெர்சிஸ் மல்லியும் வற்றலும் அரைக்க மில்லுக்கு வந்தாள். அம்மாவை அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றே வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா, வேதத்துல இல்லாதத எதுக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லுத?"

"நானா ஆரம்பிக்கல மாமா. ஷைனிதான், 'அந்த வீட்டுல அம்மா இல்லியா டீச்சர்'ன்னு கேட்டா. எழுதலன்னு சொன்னேன். 'செத்துப் போச்சா'ன்னு கேட்டா. அவளுக்கு அம்மா இல்லைல்லா. இருக்காங்க, அடுப்படில இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

ஷைனியின் அம்மா போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் போனது எனக்குத் தெரியும். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

"சரி, ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்கலாம்லா? ஜன்னல், கரண்டியெல்லாம் எதுக்கு?"

"அது என் தப்புதான் மாமா. பிள்ளைக கேக்கக் கேக்க வாயில வந்துட்டு. இது டீச்சர் நெனச்சிப் பாத்தது, வேதத்துல இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல."

தப்பை ஒத்துக்கொண்டது நல்லதுதான். ஆனால் ஒத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நாளைக்குக் கமிட்டியில் பேசிக்கொள்வோம் என்று சொல்லி மிஷினைப் போட்டுவிட்டேன். அரைப்புக் கூலி வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

காலையில் பவனி. ஓலைக்குருத்து இந்த வருஷம் இளசு, பிள்ளைகள் சிலுவை பின்னி அடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கமிட்டி. பெர்சிஸையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஐயர் ஜெபம் செய்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தை எடுத்து நின்றுகொண்டு வாசித்தேன். என் குரல் நல்ல குரல் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு தகப்பன், இரண்டு குமாரர் என்கிற இடத்தில் நிறுத்தி, அம்மா என்கிற வார்த்தை வருகிறதா என்று எல்லாரும் கவனியுங்கள் என்றேன். சொத்தைப் பிரித்தது, தூர தேசம், பஞ்சம், பன்றி, எல்லாம் வாசித்தாயிற்று. மகன் எழுந்து புறப்பட்டு வருகிறான். அவன் இன்னும் தூரத்தில் வரும்போதே தகப்பன் பார்க்கிறான், மனம் உருகுகிறான், ஓடுகிறான், கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், முத்தம் கொடுக்கிறான்.

அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. மிளகாய்த் தூசி. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அந்த வசனத்தையே திரும்ப வாசித்தேன். பிறகு அடுத்த வசனம். அதற்கு அடுத்தது. பிறகு புத்தகத்தை மூடி உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர், "அண்ணாச்சி, ஒங்க முடிவச் சொல்லுங்க" என்றார். உடம்பு சரியில்லை, ஒரு வாரம் தள்ளி வைக்கலாம் என்றேன். பெர்சிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் மட்டும் கொஞ்சம் பேசினார். "வேதத்த வாசிக்கும்போது எல்லாருக்கும் மனசுல ஒரு படம் ஓடத்தான் செய்யும். வீடு எப்படி இருந்துச்சு, யாரு எங்க நின்னாங்க, என்ன சாப்பிட்டாங்க. அது பாவம் இல்ல. அந்தப் படத்த வசனம்னு சொல்லிக் குடுத்தாத்தான் பொல்லாப்பு. பிறகு எது நம்ம படம், எது கர்த்தர் சொன்னதுன்னு நமக்கே தெரியாமப் போயிரும்" என்றார். பெர்சிஸுக்குத்தான் சொன்னார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஏப்ரல் 3, திங்கள்

காலையில் மில்லைத் திறந்து விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பிரசங்க பீடத்துப் பெரிய வேதாகமத்தைப் பார்த்தேன். வீட்டில் தங்கபுஷ்பத்தின் பெரிய எழுத்து வேதாகமத்தைப் பார்த்தேன். என் இங்கிலீஷ் வேதாகமத்தையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒன்றுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் பார்த்தேன்.

மத்தியானம் ஐயருக்குப் போன் செய்தேன். மூலபாஷையாகிய கிரேக்கில் அந்த இடத்தில் கால் என்று ஏதாவது வருகிறதா என்று விசாரித்தேன்.

"வருது அண்ணாச்சி."

எனக்கு உயிர் வந்தது.

"மகன் காலுக்குச் செருப்பு போடுங்கன்னு தகப்பன் வேலைக்காரங்ககிட்டச் சொல்லுதான்ல, அந்தக் காலுதான்."

வைத்துவிட்டேன்.

மகன் பேசுவது முத்தத்துக்குப் பிறகுதான். வழியெல்லாம் நெஞ்சுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சையும் தகப்பன் முழுசாகச் சொல்லவிடவில்லை. கூலிக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தவன் அந்த வார்த்தைக்குப் போகுமுன் வஸ்திரம் கொண்டுவாருங்கள், மோதிரம் கொண்டுவாருங்கள் என்று தகப்பன் அங்கே சத்தம் போட ஆரம்பித்துவிட்டான். இதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், பாடமும் எடுத்திருக்கிறேன். எந்த வருஷத்தில் யார் அந்தக் காலைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏப்ரல் 5, புதன்

தங்கபுஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"கெட்ட குமாரன் திரும்பி வந்து மொதல்ல என்ன செஞ்சான், தெரியுமா ஒனக்கு?"

"அப்பா கால்ல விழுந்தான்."

"வேதத்துல இருக்கா?"

"நீங்கதான சொல்லுதிய இருக்குன்னு. குடும்ப ஜெபத்துல வசனத்த நீங்கதான வெளக்குதிய, நானா வெளக்குதேன்?"

அவளே மேலே சொன்னாள். ஆர்தரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். "வேதத்துலயே அப்படித்தானடா இருக்கு, வந்து விழுந்துட்டுப் போயிரேன்" என்று பல தடவை கெஞ்சியிருக்கிறாள். போன கிறிஸ்மஸ் அன்று அவன், "அப்படித்தான் எழுதியிருக்குன்னா அந்த வேதம் அப்பாவுக்கே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டானாம். அதற்குப் பிறகு அவன் வேதம் திறப்பதில்லை, எந்தக் கோயிலுக்கும் போவதில்லை என்று ஜெனோவா இவளிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்தப் பெண் அழுதது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கண் எரிந்தது. வற்றல் தூசி என்றேன்.

"இன்னைக்குக் கரண்ட் இல்லாம மில்லு தொறக்கவே இல்லியே" என்றாள் தங்கபுஷ்பம், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனை. உபவாசம். ஐயர் என்ன பிரசங்கித்தார் என்று நினைவில்லை.

ஏப்ரல் 8, சனி

ஐயரிடம் என் முடிவைச் சொல்லிவிட்டேன். பெர்சிஸ் வகுப்பில் தொடரட்டும். அவள் நினைத்துப் பார்த்ததைச் சொல்லும்போது, இது டீச்சர் நினைத்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். பெர்சிஸின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். காப்பி கொடுத்தாள்.

"மாமா, அப்ப ஷைனிகிட்ட அந்த அம்மா இல்லன்னு சொல்லிரணுமா?"

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். "எழுதல, அவ்வளவுதான். எழுதலன்னா இல்லன்னு ஆயிருமா? வீடுன்னு ஒண்ணு இருந்தா அடுப்படி இல்லாமலா இருக்கும்" என்றேன். ஐயர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

சீனியர் வகுப்புக்கும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈஸ்டர் கழியட்டும்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனைக்குக் கோயில் கொள்ளவில்லை. தங்கபுஷ்பம் ஆட்டுக்கறி வாங்கிவரச் சொன்னாள், எப்போதும் வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு. நான் எதற்கு என்று கேட்கவில்லை. ஆர்தருக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாளே, நான் இதுவரை சொல்லவில்லை. போனைக் கையில் எடுத்தேன். எடுத்து என்ன பேசுவது? வா என்றால், காலில் விழுவதற்குத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைப்பான். வைத்துவிட்டேன்.

அவன் வரவில்லை. எப்படி வருவான்? கறியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். சாயங்காலம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாளை மறுநாள் செவ்வாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 10, திங்கள்

காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மில்லுக்குப் பெல்ட் வாங்கத் தூத்துக்குடிக்குப் போய்வருகிறேன் என்றேன்.

"பெல்ட்டு வாங்க வெள்ளச் சட்ட எதுக்கு?" என்று கேட்டாள். செருப்பை மாட்டினேன். வாசல்வரை வந்தவள், அவன் தெருப் பெயரை இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆர்தரைக் கண்டதும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். உன் கல்யாணத்துக்கு வராதது என் பிழை என்று ஆரம்பிக்கலாம். ஜெனோவாவை நான் மருமகளாக ஏற்றுக்கொள்கிறேன் என்பதை இரண்டாவதாகச் சொல்லலாம். உன் அம்மா சொன்ன வசனம் வேதத்தில் இல்லை, அது நான் வைத்தது என்பதை எந்த இடத்தில் சொல்வது என்று தெரியவில்லை. அந்தோணியார் கோயில் பக்கம் இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டேன்.

தெரு நீளமான தெரு. நான் இந்த முனையில் நுழையும்போது அந்த முனையில், குழாயடியிலிருந்து, கையில் குடத்தோடு ஒருத்தன் வந்துகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. ஆனால் இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிற நடை. எங்கள் அப்பாவுக்கும் அதே நடை. மெலிந்திருந்தான்.

நின்று அவன் வரட்டும் என்று இருந்திருக்கலாம். எனக்கு மூட்டு வலி, ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஓடினேன். ஒரு செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. நாய் ஒன்று கூடவே குரைத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற பெண்கள் ஒதுங்கினார்கள்.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். குடத்தை அப்படியே கீழே போட்டான், தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா! என்னாச்சுப்பா? அம்மாக்கு என்னாச்சு?"

எனக்கு மூச்சு வாங்கியது. பேச வரவில்லை. அவன் என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினான்.

"சொல்லுங்கப்பா! எந்த ஆஸ்பத்திரி? உசிரு இருக்கா?"

கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதற்கு அவன் இன்னும் பயந்து, "அம்மா, அம்மா" என்று நடுத்தெருவில் அழ ஆரம்பித்துவிட்டான். பஸ்ஸில் யோசித்து வைத்ததில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"அம்மா நல்லாருக்காடே. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. ஒன்னப் பாக்கத்தான் ஓடியாந்தேன்" என்றேன்.

அவன் நம்பவில்லை. அவளுக்குப் போன் போட்டு, அவள் குரலைக் கேட்ட பிறகுதான் நம்பினான்.